சுமோவின் தரவரிசைத் தாளும் ரியோகோகு வீதிகளும்

சுமோ என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வருகிறது: இடையில் கச்சை மட்டும் கட்டிய பருத்த மனிதர் இருவர் முட்டித் தள்ளுகிறார்கள், சில நொடிகளில் ஒருவர் விழுகிறார், ஆட்டம் முடிந்துவிடுகிறது. டோக்கியோவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் பலரும் இந்த எண்ணத்தோடுதான் ரியோகோகு வட்டாரத்தில் இறங்குகிறார்கள். தெருவில் எதிர்ப்படும் மல்லரை வியந்து பார்க்கிறார்கள், பெரிய அரங்கின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், மல்லர்களின் உணவான சாங்கோவைச் சுவைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் கண்டதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த மல்லர் எந்தச் செருப்பு அணிகிறார், எப்போது சாப்பிடுகிறார், அவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் ஒன்று அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அது ஒரு தாள். அதன் பெயர் பன்சுகே.

பன்சுகே என்பது சுமோ மல்லர்கள் அனைவரையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெரும்போட்டிக்கும் முன்னர் வெளியிடப்படும் தரவரிசைத் தாள். இதைப் புரிந்துகொண்டவருக்கு ரியோகோகு வேறு ஊராகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்தக் கட்டுரை மல்யுத்தப் பிடிகளைப் பற்றியது அன்று. அந்தத் தாள் எப்படி இயங்குகிறது என்பதையும், அதை அறிந்தபின் அந்த வட்டாரத்தில் எதை எதையெல்லாம் அடையாளம் காணலாம் என்பதையும் படிப்படியாகச் சொல்வதே நோக்கம்.

ஒரு வகுப்பறையிலிருந்து தொடங்குவோம்

ஏறத்தாழ 600 மாணவர்கள் படிக்கும் ஒரே ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு நடக்கிறது. தேர்வு முடிந்ததும் அனைவருடைய இருக்கையும் மாற்றப்படுகிறது. நன்றாக எழுதியவர் முன்னால் வருகிறார், சரியாக எழுதாதவர் பின்னால் போகிறார். யார் முதலில் சாப்பிட வேண்டும், யார் பரிமாற வேண்டும், மழைக்காலத்தில் யார் மேலங்கி போட்டுக்கொள்ளலாம் என்பன எல்லாம் இருக்கையைப் பொறுத்தவை. போன ஆண்டு முதல் இருக்கையில் இருந்தவர் என்பதற்காக எவருக்கும் சலுகை கிடையாது.

சுமோ உலகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இயங்குகிறது. தேர்வுக்குப் பதிலாக பாஷோ உண்டு. பாஷோ என்பது 15 நாள் தொடர்ந்து நடக்கும் பெரும்போட்டி. ஆண்டுக்கு ஆறு முறை, ஒற்றைப்படை மாதங்களில் அது நடக்கிறது. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவின் ரியோகோகுவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் நடக்கும்.

இந்த வகுப்பறையில் எடைப்பிரிவு என்ற ஒன்று கிடையாது. குத்துச்சண்டையிலும் ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் ஒத்த எடையுள்ளவர்களே மோதுகிறார்கள். சுமோவில் 100 கிலோவை எட்டாத ஒருவர் 180 கிலோ எடையுள்ளவரின் எதிரே நிற்க நேரும். 2019-இல் என்ஹோ என்ற மல்லர் அப்படிப்பட்ட உடலோடு உயர்பிரிவுக்கு ஏறி நின்றபோது அரங்கம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. பருமன் உதவும், ஆனால் வரிசையைத் தீர்மானிப்பது எடைத்தராசு அன்று, வெற்றி தோல்விக் கணக்கு மட்டுமே.

ஆறு பிரிவுகளும் ஒரு கோடும்

மல்லர்கள் ஆறு பிரிவுகளில் அடுக்கப்படுகிறார்கள். கீழிருந்து மேலாக ஜோனோகுச்சி, ஜோனிதான், சன்தான்மே, மக்குஷிதா, ஜூர்யோ, மக்குவுச்சி என்பன அவற்றின் பெயர்கள். கடைநிலையான ஜோனோகுச்சி என்ற சொல் ஜப்பானியரின் அன்றாடப் பேச்சில் "இது வெறும் ஆரம்பம்தான்" என்ற பொருளில் வழங்குகிறது.

ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மக்குஷிதாவுக்கும் ஜூர்யோவுக்கும் இடையில் ஓடும் ஒரு கோட்டை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் செகிதோரி எனப்படுகிறார்கள். அதாவது, மாதச் சம்பளம் பெறும் முழுத்தகுதி மல்லர்கள். ஜூர்யோவில் 28 பேர், மக்குவுச்சியில் 42 பேர், ஆக மொத்தம் 70 பேர். ஏறத்தாழ 600 பேரில் 70 பேர் மட்டுமே! ஜூர்யோ என்ற பெயருக்கே "பத்து ர்யோ" என்று பொருள். பழைய காலத்தில் அந்நிலையினர் ஆண்டுக்குப் பெற்ற பத்துப் பொற்காசுகளைக் குறித்த பெயர் அது.

இன்று ஜூர்யோ மல்லருக்கு மாதம் சுமார் 11 இலட்சம் யென் சம்பளம். அவருக்கு ஒரே ஒரு படி கீழே, மக்குஷிதாவின் உச்சியில் இருப்பவருக்கு மாதச் சம்பளமே கிடையாது. போட்டிதோறும் ஒரு சிறு படித்தொகை மட்டும் உண்டு. உணவும் உறையுளும் அவர் வாழும் ஹேயாவில் கிடைத்துவிடும். ஹேயா என்பது ஓய்வுபெற்ற மல்லர் ஒருவரின் தலைமையில் மல்லர்கள் கூடி வாழ்ந்து பயிலும் பயிற்சி இல்லம். கோட்டுக்குக் கீழே இருப்பவர் அங்கே சமைக்க வேண்டும், பெருக்க வேண்டும், செகிதோரி ஒருவருக்குப் பணிவிடை செய்ய வேண்டும். கோட்டைத் தாண்டிய நாளிலிருந்து அவருக்கே பணிவிடைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரே மனிதர், ஒரே வீடு. ஒரு படி ஏறியதும் வாழ்க்கை முழுவதும் மாறிவிடுகிறது.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: சுமோவில் எடைப்பிரிவு இல்லை, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அந்த வரிசையின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அதற்கு மேலே இருப்பவர்களே செகிதோரி.

வரிசை எப்படி நகர்கிறது

செகிதோரிகள் ஒரு பாஷோவில் நாளுக்கு ஒன்றாக 15 முறை மோதுகிறார்கள். கீழ்ப்பிரிவினர் 7 முறை மட்டும். இரண்டும் ஒற்றைப்படை எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைப்படை என்பதால் சரிபாதி என்று ஒன்று அமைய வழியில்லை. ஒன்று வெற்றிகள் மிகுந்திருக்கும், அல்லது தோல்விகள் மிகுந்திருக்கும். பாதிக்கு மேல் வெல்வதற்குக் கச்சிகோஷி என்றும் பாதிக்கு மேல் தோற்பதற்கு மகேகோஷி என்றும் பெயர். செகிதோரிக்கு 8 வெற்றி கிடைத்தால் கச்சிகோஷி, 7-உடன் நின்றுவிட்டால் மகேகோஷி. கச்சிகோஷி பெற்றவர் பொதுவாக மேலேறுவார், மகேகோஷி பெற்றவர் இறங்குவார்.

எத்தனை படி என்பதற்குத் தோராயமான கணக்கு ஒன்று உண்டு: வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு படி நகரலாம். ஆனால் ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். மேலே இருப்பவர்கள் எல்லோரும் நன்றாக ஆடிவிட்டால், 9 வெற்றி பெற்றவர்கூட ஓரிரு படிதான் ஏறுவார். மேலே பலர் சறுக்கினால் 8 வெற்றியோடு அவர் தாவி ஏறவும் கூடும். இதற்கு ஜப்பானியர் "பன்சுகே அதிர்ஷ்டம்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே பதினான்காம் நாள் முடிவில் 7 வெற்றி, 7 தோல்வி என்று நிற்கும் ஒரு மல்லர் பதினைந்தாம் நாளன்று மேடை ஏறும்போது, கோப்பைக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அந்தச் சில நொடிகளில் அவருடைய அடுத்த இரண்டு மாத வாழ்க்கை அடங்கியிருக்கிறது. கோப்பையை வெல்வது யார் என்பதை மட்டும் பார்ப்பவர் அந்த மோதலைச் சாதாரணமாகக் கடந்துவிடுவார்.

இந்த நகர்வுக்கு உச்சியில் மட்டும் விதிவிலக்குகள் உண்டு. மக்குவுச்சியின் மேல்தட்டில் கீழிருந்து மேலாகக் கோமுசுபி, செகிவாகே, ஓசெகி, யோகோசுனா என நான்கு பட்டங்கள் இருக்கின்றன. ஓசெகி ஒரு முறை மகேகோஷி அடைந்தால் பட்டம் பறிபோகாது. அடுத்தடுத்து இரண்டு முறை அடைந்தால்தான் போகும். யோகோசுனாவோ இறக்கப்படுவதே இல்லை. இது சலுகை போலத் தோன்றும். உண்மையில் இதைப்போல் கடுமையான நிபந்தனை வேறில்லை. இறங்க வழியில்லாத ஒருவர் தரத்துக்குக் குறைவாக ஆடத் தொடங்கினால் ஓய்வு பெறுவது ஒன்றே அவருக்கு எஞ்சும் வழி. இந்த உச்ச நிலை 1890-இல்தான் பன்சுகே தாளில் முதன்முதலாக எழுதப்பட்டது. 2025-இல் அந்நிலையை அடைந்த ஓனோசாதோ 75-ஆவது யோகோசுனா.

இந்த இயக்கத்தின் முழு வலிமையையும் காட்ட ஒருவரது வாழ்க்கையே போதும். மங்கோலியாவிலிருந்து வந்த தெருனோஃபுஜி 2015-இல் ஓசெகி ஆனார். பின்னர் முழங்கால் காயமும் நீரிழிவும் அவரை வீழ்த்தின. மேடையேற முடியாத நாள்களும் தோல்விகளாகவே கணக்கிடப்பட்டதால் 2017-இல் பட்டம் போயிற்று. அதன்பின் ஜூர்யோ போயிற்று, சம்பளம் போயிற்று. 2019 மார்ச்சில் அவர் மீண்டும் மேடை ஏறியபோது நின்ற இடம் ஜோனிதான், அதாவது கடைசிக்கு முந்திய பிரிவு. முன்னாள் ஓசெகி ஒருவர் பயிற்சிக்குப் புதிதாக வந்த இளைஞர்களின் எதிரே நின்றார். அங்கிருந்து படிப்படியாக ஏறினார். 2020 ஜூலைப் போட்டி பெருந்தொற்றின் காரணமாக நகோயாவுக்குப் பதில் ரியோகோகுவில் நடந்தது. மக்குவுச்சியின் அடிமட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்த தெருனோஃபுஜி அதில் 13 வெற்றிகளோடு கோப்பையை வென்றார். 2021-இல் யோகோசுனா ஆனார். தாள் அவரைக் கீழே தள்ளியபோதும் இரக்கம் காட்டவில்லை, மேலே ஏற்றியபோதும் தயங்கவில்லை. சுமோவின் மீது எனக்குள்ள மதிப்புக்கு இந்த ஒரு வரலாறே போதுமான காரணம்.

சுருக்கமாக: பாதிக்கு மேல் வென்றவர் ஏறுகிறார், தோற்றவர் இறங்குகிறார், எத்தனை படி என்பது மற்றவர்களின் ஆட்டத்தையும் பொறுத்தது, யோகோசுனா மட்டும் இறங்குவதில்லை, விலகத்தான் முடியும்.

ஏன் ரியோகோகு?

இந்தத் தாள் ஏன் இந்த வட்டாரத்தோடு பின்னிக்கிடக்கிறது என்பதற்கு ஒரு பெருந்தீயிலிருந்து தொடங்க வேண்டும். டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1657-இல் எடோ நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மரபுவழியே சொல்லப்படுகிறது. நகரப் பாதுகாப்பைக் கருதி சுமிதா ஆற்றில் அப்பகுதியில் பாலங்களைக் கட்டாமல் தவிர்த்திருந்ததால், தீக்கு அஞ்சி ஓடியவர்கள் கரையிலேயே சிக்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் எழுந்தது. முசாஷி, ஷிமோசா என்னும் இரண்டு நாடுகளை இணைத்ததால் அதற்கு "இரு நாடு" எனப் பொருள்படும் ரியோகோகு என்ற பெயர் வழங்கலாயிற்று. தீ மறுபடியும் தாவாதிருக்கப் பாலத்தின் முனைகளில் அகன்ற வெளிகளை விட்டார்கள். நிலையான கட்டடம் கட்டத் தடை இருந்த அந்த வெளிகளில் கழற்றி எடுக்கக்கூடிய கடைகளும் கூத்துக் கொட்டகைகளும் முளைத்தன. எடோ மக்கள் கூடிக் களிக்கும் இடமாக அது மாறியது.

தீயில் இறந்து, உரிமை கோர உறவினர் எவரும் இல்லாதவர்களுக்காக அதே ஆண்டில் நிறுவப்பட்ட கோயில் எகோயின். இன்றும் ரியோகோகு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. அங்கே 1768-இல் முதன்முதலாகக் கஞ்சின் சுமோ நடந்தது. கஞ்சின் சுமோ என்பது கோயில் திருப்பணிக்குப் பணம் திரட்டுவதற்காக அரசின் அனுமதி பெற்று நடத்தப்படும் மல்யுத்தம். 1833 முதல் எடோவின் போட்டிகள் இக்கோயிலிலேயே நிலைகொண்டன. 1909-இல் கோயில் வளாகத்திலேயே கொகுகிகான் என்ற கூரையிட்ட அரங்கம் எழுந்தது. இடையில் அரங்கம் ஆற்றின் மறுகரைக்குப் பெயர்ந்து, 1985-இல் மீண்டும் ரியோகோகுவுக்கே திரும்பி வந்தது. இப்போதுள்ள அரங்கில் சுமார் 11,000 பேர் அமரலாம்.

இனி அந்தத் தாளை அருகில் வைத்துப் பார்ப்போம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடுகிறது. அதன் உச்சியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது எந்த மல்லரின் பெயரும் அன்று. "அனுமதி பெற்றோம்" என்று பொருள்படும் சொல் அது. அரசின் அனுமதி வாங்கிக் கோயிலுக்காக மல்யுத்தம் நடத்திய காலத்தின் தடம் இன்றும் அந்தத் தாளில் அழியாமல் இருக்கிறது. பட்டைக்கு வலப்புறம் கிழக்கு அணி, இடப்புறம் மேற்கு அணி. ஒரே நிலையில் கிழக்கு அணிக்காரர் அரைப்படி மேலானவர். மேல் வரிசையில் மக்குவுச்சியினரின் பெயர்கள் தடித்த பெரிய எழுத்தில் நிற்கின்றன. வரிசை இறங்க இறங்க எழுத்து மெலிந்துகொண்டே போய், அடியில் ஜோனோகுச்சிக்காரர்களின் பெயர்கள் தலைமயிர் போல ஆகிவிடுகின்றன. அவர்களுக்கு "பூதக்கண்ணாடி" என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒவ்வொரு பெயரின் மேலும் அவரவர் சொந்த ஊர் எழுதப்பட்டிருக்கும். இத்தனையையும் நடுவர் ஒருவர் தூரிகையால் கைப்பட எழுதுகிறார். அச்சிடும்போது அது சுருக்கப்படுகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியே இல்லாமல் எழுதுவது, அரங்கிலும் இடைவெளியின்றி மக்கள் நிறைய வேண்டும் என்ற வேண்டுதல்.

வீதியில் காணக்கூடியவை

அகிஹபாராவிலிருந்து மஞ்சள் பட்டையிட்ட சோபு தட ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ரியோகோகு. போட்டி நாள்களில் இங்கே இறங்கினால், குடுமிக்குப் பூசும் மெழுகுத்தைலத்தின் இனிய மணம் கடந்துபோவதை உணரலாம். எதிரே வரும் மல்லரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள். மரக்கட்டைச் செருப்பும் மெல்லிய பருத்தி அங்கியான யுகாதாவும் மட்டும் அணிந்திருந்தால், அது கடுங்குளிர் ஜனவரியாக இருந்தாலும், அவர் அடிமட்ட இரு பிரிவுகளைச் சேர்ந்தவர். தட்டையான செருப்பு அணியும் உரிமை சன்தான்மேயில் கிடைக்கிறது. மேலங்கியும் கழுத்துத்துணியும் மக்குஷிதாவில் கிடைக்கின்றன. குடும்பச் சின்னம் பொறித்த முழு மரபுடையில் ஒருவர் வந்தால், அவர் கோட்டைத் தாண்டியவர்.

சில ஹேயாக்கள் காலைப் பயிற்சியைப் பார்க்க விருந்தினரை அனுமதிக்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்வதும், உள்ளே பேச்சின்றி அமர்வதும், உள்ளங்கால் மேடையை நோக்காதபடி காலை மடக்கிக்கொள்வதும் கட்டாயமான மரியாதை. பயிற்சியைக் கீழ்நிலையினர் விடியலில் தொடங்குவார்கள். மூத்தவர்கள் பிறகு வருவார்கள். கறுப்புக் கச்சைகளுக்கு நடுவே வெள்ளைக் கச்சை தெரிந்தால் அவர் செகிதோரி. பயிற்சி முடிந்து சாங்கோ பரிமாறும்போது மூத்தவர்கள் முதலில் உண்பார்கள், மற்றவர்கள் நின்று காத்திருப்பார்கள்.

போட்டி மேடையின் பெயர் தொஹ்யோ. களிமண்ணைக் கெட்டித்து எழுப்பிய சதுர மேடை, அதன்மேல் வைக்கோல் உருளைகளைப் புதைத்து அமைத்த 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம். வட்டத்துக்கு வெளியே நுண்மணலை வளையமாகத் தூவித் துடைப்பத்தால் சீராக்கியிருப்பார்கள். வெளியே ஒரு குதிகால் பட்டாலும் அந்த மணலில் தடம் விழுந்துவிடும். வட்டத்துக்கு வெளியே முதலில் காலூன்றியவரோ, உள்ளங்காலைத் தவிர உடலின் வேறு பகுதி முதலில் தரையில் பட்டவரோ தோற்றவர். தீர்ப்பில் ஐயம் எழும்போது அந்த மணல் சாட்சி சொல்கிறது.

வட்டாரத்தில் பார்க்க வேறு இடங்களும் உண்டு. ஓவியர் ஹொகுசாய் பிறந்த பகுதி இது. 2016-இல் திறந்த அவரது அருங்காட்சியகம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்தின் தீச்சூறாவளியில் ஏறத்தாழ 38,000 பேர் ஒரே திடலில் மடிந்த இடம் இன்று யோகோஅமிச்சோ பூங்கா. ரியோகோகு இரண்டு பெருந்தீக்களைச் சுமந்த ஊர் என்பதை அங்கே நின்றால் உணரலாம். அரை மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

அரங்குக்கு எப்போது செல்வது

பெரும்பாலான வழிகாட்டிகள் மாலை நான்கு மணியளவில் சென்றால் போதும் என்கின்றன. மக்குவுச்சி மல்லர்கள் அந்நேரத்தில்தான் வருகிறார்கள், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு தூரம் படித்துவந்தவர் காலையிலேயே செல்ல வேண்டும் என்பேன். பாஷோவின் பெரும்பாலான நாள்களில் முதல் மோதல் காலை எட்டரை மணியளவில் தொடங்குகிறது. ஒரே நாளில் ஏணியின் அடிப்படியிலிருந்து உச்சிவரை முழுவதையும் வரிசையாகக் காணக் கிடைப்பது அரிய வாய்ப்பு.

நுழைவாயிலருகே பன்சுகே தாளைச் சில்லறைக் காசுக்கு விற்கிறார்கள். அன்றைய மோதல்களின் பட்டியல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. இரண்டையும் மடியில் விரித்துக்கொண்டு அமரலாம். காலையில் அரங்கம் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். கூரையடியில் அண்மைக் கோப்பை வென்றவர்களின் 32 பெரிய படங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே, பளபளக்கும் பட்டுக் கச்சை இல்லாமல், கறுப்புப் பருத்திக் கச்சையோடு, சிலர் குடுமி முடியும் அளவுக்குக்கூட முடி வளராமல், பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் மேடை ஏறுவார்கள். உப்பைத் தூவும் சடங்குக்கு அவர்களுக்குப் பொதுவாக நேரம் தரப்படுவதில்லை. அறிவிப்பாளர் விசிறியை விரித்துப் பெயரை இழுத்துப் பாடி அழைக்க, குனிந்து, மோதி, சில நொடிகளில் ஒருவர் வென்று வணங்கி இறங்குவார். அந்தப் பெயரைத் தாளின் அடி வரிசையில், மயிரிழை எழுத்துகளுக்கு நடுவே, விரல் வைத்துத் தேடுங்கள். மேலே அவருடைய ஊர்ப்பெயரும் இருக்கும்.